உள்ளி குத்திய கல்

28.10.85, திங்கள். பீல்.

பனிப்புகார். பத்து மணி வரை மயானத்து மதிலே தெரியவில்லை. இன்றைய வேலை: இலை கூட்டல், வெளிக் குழாய்களை அடைத்தல், வாடிய பூச்சட்டிகளை அகற்றல். இன்று கூட்டிய இடத்தில் நாளைக்கு அதே அளவு இலை கிடக்கும். இந்த நாட்டு மரங்களுக்கு வெட்கமே இல்லை.

மத்தியானம் முதலாளி என்னை மதிலுக்கு அந்தப் பக்கம், யூதர் பகுதிக்கு அனுப்பினார். அங்கே இதுவரை போனதில்லை. புல்லும் இலையும் மட்டும், வேறொன்றிலும் கை வைக்காதே என்றார். நல்லாகத்தான் விளங்கியது.

சிறிய இடம். பூக்கள் இல்லை, சிலுவை இல்லை, மெழுகுதிரி இல்லை. மூலையில் ஒரு கல்லறை, யாக்கோப் என்று பெயர். அதன்மேல் குவியலாகக் கற்கள். பொடியள் எறிந்து விளையாடியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். எனக்குப் பொறுக்கவில்லை. மன்னாரில் ஆத்துமாக்கள் திருநாளுக்கு முந்திய கிழமை சேமக்காலை நிறைய ஆட்கள் நிற்பார்கள். சொந்தக் கல்லறையைக் கழுவி முடித்த பிறகு, பக்கத்தில் கேட்பாரற்றுக் கிடக்கும் கல்லறைக்கும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவது வழக்கம். அந்த அநாதை ஆத்துமா எங்களுக்காக மன்றாடும்.

ஆகவே கற்களை எல்லாம் தள்ளுவண்டியில் அள்ளிக் குப்பை மேட்டில் கொட்டினேன். கல்லறையைத் தூரிகையால் தேய்த்துக் கழுவினேன். மிஞ்சிய மஞ்சள் செவ்வந்திச் சட்டி ஒன்றைக் கொண்டுபோய்த் தலைமாட்டில் வைத்தேன். எழுந்து நின்று பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது.

கற்களில் ஒன்று மட்டும் நல்ல வடிவு. முட்டையை விடக் கொஞ்சம் பெரிது, வழுவழுப்பு, நடுவில் சுற்றிவர ஒரு வெள்ளை வரி. அதைச் சட்டைப் பைக்குள் போட்டேன். வீட்டில் அம்மி இல்லை, உரல் இல்லை. உள்ளிப் பூண்டைப் போத்தல் அடியால் நசுக்கி எத்தனை நாளைக்குச் சமாளிப்பது?

ஜெயம் அண்ணைக்கு (என்னோடு அறையில் இருப்பவர், யாழ்ப்பாணம், மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் பாலிஷ் வேலை, சமையலில் என் குரு) கல்லைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். "பூணூல் போட்டிருக்கிறார். ஐயர் கல்லு," என்றார். பலகையில் வைத்து உள்ளி, மிளகு, இஞ்சி எல்லாம் குத்தினார். ரசம் உண்மையிலேயே ரசமாக இருந்தது.

29.10, செவ்வாய்

புகார் விலகி மழை. சப்பாத்துக்குள் தண்ணீர். வாங்க வேண்டியவை: சவர்க்காரம், தபால் தலை, அரிசி.

ஊரிலிருந்து கடிதம் இல்லை. தலைநகர் பெர்னிலிருந்தும் இல்லை. என் அகதி விண்ணப்பத்துக்கு முடிவு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. தபால்காரன் எங்கள் பெட்டியைத் தாண்டும்போது ஒருபக்கம் நிம்மதி, மறுபக்கம் எரிச்சல். பஸ்ஸில் பின்னாலிருந்த இரண்டு பேர் தமிழர்களைப் பற்றிக் கதைத்தார்கள். ஒருவன், எல்லாரையும் ஒரு பிளேனில் ஏற்றினால் முடிந்தது என்றான். மற்றவன், என்னுடைய தொழிற்சாலையில் ஒருத்தன் இருக்கிறான், அவனை விட்டுவிடு, நல்ல வேலைக்காரன் என்றான். அது ஜெ. அண்ணையாக இருக்குமோ என்று யோசித்துக்கொண்டு இறங்கினேன்.

ஐயர் கல் இன்றும் வேலை செய்தது. இறைச்சிக் கறி. ஜெ. அண்ணை கல்லுக்கு வாய் ஓயாத புகழ்ச்சி. ஊரில் தன் வீட்டு அம்மிக் குழவிகூட இப்படிக் கைக்குள் அடங்காதாம்.

30.10, புதன்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை.

காலை பத்தரை போல ஒரு டாக்சி வந்தது. வயதான மனுசி ஒருவர், ஊன்றுகோல், கறுப்புக் கோட். சாரதியின் கையைப் பிடித்துக்கொண்டு யூதர் பகுதிக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் சாரதி ஓடிவந்து என்னைக் கூப்பிட்டான். போனேன். மனுசி அந்தக் கல்லறைக்கு முன்னால் நின்றார். செவ்வந்திச் சட்டியைப் பார்த்தபடியே நின்றார்.

பிரெஞ்சில் கேட்டார். நான் தடுமாற ஆங்கிலத்துக்கு மாறினார். மணிக்கூட்டுக் கம்பனி ஒன்றில் வெளிநாட்டுக் கடிதங்கள் எழுதியவராம். அவர் சொன்னதை என் தமிழில்தான் எழுதுகிறேன். பெயர் மதாம் ஹெலேன்.

நீங்களோ துப்புரவாக்கினது என்று கேட்டார். ஓம் என்றேன். இன்னும் அரைப் பெருமையோடுதான் சொன்னேன், கடவுள் மன்னிக்கட்டும். எங்களுக்குப் பூ வைக்கிற வழக்கம் இல்லை, கல்தான் வைப்போம் என்றார். வந்துபோனவர்கள் ஆளுக்கொரு கல். அந்தக் கற்களில் அநேகமானவை அவர் வைத்தவை. வருஷத்துக்கு ஒன்று, டூ ஆற்றங்கரையிலிருந்து. பிரான்சுக்கும் இந்த நாட்டுக்கும் நடுவில் ஓடும் ஆறு.

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. குப்பை மேட்டில்தான் கிடக்கின்றன, எல்லாவற்றையும் பொறுக்கித் தருகிறேன் என்றேன்.

மற்றதெல்லாம் பரவாயில்லை என்றார். பிறகு சொன்னார்: "ஒண்டு மட்டும் வேணும். முட்டையளவு. சுத்திவர வெள்ளை வரி."

வீட்டில் இருக்கிறது, அதில் உள்ளி குத்துகிறோம் என்று சொல்ல எந்த மனிதனுக்கு நா எழும்? கண்டுபிடித்துத் தருகிறேன் என்று மட்டும் சொன்னேன். வருகிற செவ்வாய் இடுப்பு எலும்பு ஒப்பரேசனாம். அதற்குப் பிறகு நடை எப்படி இருக்குமோ, இங்கே வரமுடியுமோ தெரியாது என்றார். வெள்ளிக்கிழமை மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். கோபித்துக்கொள்ளவில்லை. ஏசியிருந்தால் எவ்வளவோ நல்லாயிருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து ஜெ. அண்ணையிடம் சொன்னேன். கரண்டி கையில் அப்படியே நின்றது.

"கல்லறைக் கல்லிலையோ நான் ரெண்டு நாளா உள்ளி குத்தினது?"

அடுப்பை அணைத்தார். நேரே குளியலறைக்குப் போய்த் தலை முழுகினார். திரும்பி வந்து என்னையும் முழுகச் சொன்னார். நான் கத்தோலிக்கன் என்றேன். கத்தோலிக்கன் முழுகினால் கரைஞ்சு போவானோ என்றார். முழுகினேன். மிச்ச இறைச்சிக் கறியை என்ன செய்வது என்று இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் சாப்பிட்டோம்.

பிறகு கல்லைக் கழுவத் தொடங்கினோம். சவர்க்காரம், உப்பு, எலுமிச்சை, புளி. ஜெ. அண்ணை பழைய பல்தூரிகையால் அரை மணித்தியாலம் தேய்த்தார். உள்ளி மணம் போகவில்லை. அதை விட மோசம், வெள்ளை வரிக்குள் மஞ்சள் இறங்கிவிட்டது. பூணூலுக்கு மஞ்சள் பூசினது மாதிரி இருக்கிறது என்று ஜெ. அண்ணை சொன்னார். சிரிக்கவில்லை.

31.10, வியாழன்

குளிர், வெயில். குப்பை மேட்டில் கல் பொறுக்கல். நினைத்த அளவு கஷ்டமில்லை. அங்கே கலந்து கிடக்கும் பாதைச் சல்லி உடைத்த கல், கூர் கூராக இருக்கும். ஆற்றுக் கற்கள் உருண்டவை. மண் அரிக்கும் அரிதட்டில் போட்டு உருட்டினால் கை தானாகப் பிரித்துவிடுகிறது. ஒவ்வொன்றையும் வாளித் தண்ணீரில் அலசித் துணியில் பரப்பினேன். ஒரே ஆற்றுக் கற்கள், ஆனால் ஒன்றைப் போல ஒன்றில்லை. அந்த மனுசி ஒவ்வொரு வருஷமும் குனிந்து இதுதான் என்று எடுத்திருக்கிறார்.

முதலாளி வந்து பார்த்தார். புல்லும் இலையும் என்றல்லவா சொன்னேன் என்றார். ஓம், என் பிழை என்றேன். தலையை ஆட்டினார். மத்தியானம் பழைய கோணிச் சாக்கொன்றைக் கொண்டுவந்து, முழங்காலுக்கு அடியில் போடு, ஈரம் என்று வீசிவிட்டுப் போனார்.

1.11, வெள்ளி. சகல புனிதர் திருநாள். இங்கே வேலை நாள்.

விடிய வேலைக்குப் போக வேண்டியதில்லை, ஆறுதலாக எழுதலாம். ஒன்றும் விடாமல் எழுத வேண்டும்.

மதாம் மத்தியானத்துக்கு முன்பே வந்தார். பொழுதுபட அவர்களுக்கு ஓய்வுநாள் தொடங்கிவிடுமாம். நான் கற்களைத் திரும்பவும் கல்லறைமேல் வைத்திருந்தேன். செவ்வந்தியை எடுத்துவிட்டேன். வரிக் கல்லைக் கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்தேன்.

பிரித்தார். மூக்கருகே கொண்டுபோனார். என்னைப் பார்த்தார்.

சொல்லிவிட்டேன். எங்கள் ஊர்ச் சேமக்காலை வழக்கம், அம்மி இல்லாத வீடு, ஜெ. அண்ணை, ரசம், தலை முழுகினது, பல்தூரிகை, எல்லாம். சொல்லச் சொல்ல எனக்கு அழுகை முட்டியது. மதாம் சத்தம் போட்டுச் சிரித்தார். டாக்சிக்காரன் திரும்பிப் பார்த்தான். சிரித்து முடியக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாக்கோப் பாண் துண்டில் பச்சை உள்ளி தேய்த்துத்தான் சாப்பிடுவார், பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள் என்றார்.

உங்களுடைய அப்பாவோ என்று கேட்டேன். கல்லறையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது, மகள் வைத்த கல்லென்று.

அங்கே கிடந்த மர வாங்கில் உட்கார்ந்து சொன்னார். நான் நின்றே கேட்டேன். உட்காரத் தோன்றவில்லை.

யுத்த காலம். பாரிசில் யூதர்களைப் பிடிக்கிறார்கள். இவருடைய தாய் தகப்பனைக் கொண்டுபோய்விட்டார்கள். இவருக்கு அப்போது பதினெட்டு. தனியாக எல்லை வரை வந்து, ஆற்றைக் கடந்து, இந்தப் பக்கம் சிப்பாய்களிடம் பிடிபட்டார். அவர்கள் அடிக்கவில்லை. தேத்தண்ணீர்கூடக் கொடுத்தார்கள். பிறகு மரியாதையாகத் திரும்ப எல்லைக்குக் கூட்டிக்கொண்டுபோய், போ என்று விட்டார்கள். அப்படி ஒரு கட்டளையாம். தனி ஆட்களைத் திருப்ப வேண்டும். சின்னப் பிள்ளைகளோடு வருகிற தாய் தகப்பனை விடலாம்.

பள்ளிக்கூடச் சரித்திரத்தில் ஹிட்லரைப் பற்றி ஒரு பந்தி படித்தேன். இந்தச் சமாதான நாட்டின் வாசலில் இப்படி நடந்ததை எனக்கு ஒருவரும் சொன்னதில்லை.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் காட்டுக்குள் இவர் இருந்து அழ, ஒரு மனிதர் வந்தார். அவர்தான் யாக்கோப். அவரையும் முதல் நாள் திருப்பி அனுப்பியிருந்தார்கள். தையல்காரர். பாரிசில் பொலிஸ் வருகிறது என்று கேள்விப்பட்டு ஒளித்தவர். ஆண்களைத்தான் பிடிப்பார்கள், பெண் பிள்ளைகளைத் தொட மாட்டார்கள் என்று எல்லாரும் நம்பினார்களாம். திரும்பி வந்து பார்க்க, மனைவியும் இரண்டு மகள்மாரும் இல்லை. கதவு திறந்தபடி கிடந்ததாம்.

அவர் இவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். நீ மெலிவு, உயரமும் கட்டை, பதின்மூன்று வயதென்றால் நம்புவார்கள் என்றாராம். எனக்கு ஒரு பிள்ளை வேணும், உனக்கு ஒரு அப்பா வேணும்.

இனி மதாம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"தலைமயிரை அவிழ்க்கச் சொன்னார். ஆத்துத் தண்ணியிலை விரலை நனைச்சு நனைச்சு ரெண்டு பின்னல் பின்னிவிட்டார். என்ரை அம்மாகூட அவ்வளவு இறுக்கமாப் பின்னினதில்லை. அவருக்குப் பின்னத் தெரியும். ரெண்டு மகள்மாருக்கும் காலமை அவர்தான் பின்னிவிடுறவராம்."

நான் வேறு பக்கம் பார்த்தேன். மதாம் என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த கல்லையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

இரண்டாம் தடவை கடந்தார்கள். பிடிபட்டார்கள். காவலறை. மேசைக்குப் பின்னால் முதல் நாளைய ஆள் இல்லை, வேறொருவர். இவருடைய கை நடுங்குகிறது. சின்னப் பிள்ளை இப்படி நடுங்காது, குளிருக்கு அழும், இது பெரிய ஆளின் நடுக்கம் என்று தனக்கே தெரிந்ததாம். அதற்கு முன்பே, கரையேறும்போதே, யாக்கோப் குனிந்து ஒரு கல்லை எடுத்து இவர் கையில் வைத்து, இறுக்கிப் பிடி என்று சொல்லியிருந்தார். காவல்காரர் அந்தக் கையைப் பார்த்தார். என்ன ஒளிக்கிறாய், காட்டு என்றார். காசு, நகை என்று நினைத்திருப்பார். இவர் கையை விரித்தார்.

கல்.

"எதுக்கு இது எண்டு கேட்டார். வடிவா இருக்கு எண்டு சொன்னன்."

அவ்வளவுதான். காவல்காரர் அந்தக் கல்லைப் பார்த்தார், பின்னலைப் பார்த்தார், பேனாவை எடுத்தார். வீடு வாசலெல்லாம் பறிகொடுத்து வந்து ஆற்றில் வடிவான கல் பொறுக்கிக்கொண்டு நிற்பது சின்னப் பிள்ளை ஒன்றுதான். தகப்பனும் மகளும் என்று எழுதினார்.

என் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்த கல். இரண்டு உயிர்களை உள்ளே விட்ட கல். அதில் இஞ்சி குத்தினோம்.

உள்ளே வந்த பிறகும் பொய்யை விட முடியவில்லை. விட்டால் இரண்டு பேரையும் திருப்புவார்கள். யாக்கோப்பை வேலை முகாமுக்கு அனுப்பினார்கள், ரோட்டு வெட்ட. இவரைச் சின்னப் பிள்ளை என்று வேறொரு ஊரில் ஒரு குடும்பத்தில் விட்டார்கள். பதினெட்டு வயதுப் பெட்டை பதின்மூன்று வயதுப் பிள்ளைகளோடு வகுப்பில் இருந்து, தெரிந்த கணக்கையெல்லாம் தெரியாத மாதிரிச் செய்தாராம். கடிதங்களைப் பிரித்துப் படிப்பார்கள். அதனால் அவர் ஒவ்வொரு கடிதத்திலும் அன்பு மகளே என்று தொடங்குவார், இவர் அன்பு அப்பா என்று எழுதுவார். சாப்பிட்டாயா, காலுறை போடு, பின்னலை இறுக்கிக் கட்டு.

எந்தக் கடிதத்தோடு அது பொய் இல்லாமல் போனது என்று இன்றுவரை தெரியவில்லை என்றார். யுத்தம் முடிந்து இரண்டு பேரும் ஊர் ஊராய் விசாரித்தார்கள். அவருடைய மூன்று பேரில் ஒருவரும் வரவில்லை. இவருடைய ஆட்களும் வரவில்லை. ஒருவரையொருவர் விட்டுப் போக ஒரு காரணமும் இருக்கவில்லை. இவர் யாக்கோப்பின் பெயரையே வைத்துக்கொண்டார். கலியாணத்துக்கு அவர்தான் கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டாராம். பிறந்தபோது வைத்த பெயரை யாரேனும் கூப்பிட்டால் இப்போது திரும்பக்கூட மாட்டேன் என்றார்.

பிறகு கல்லைக் கல்லறைமேல் வைத்தார், மஞ்சள் பூணூலோடு. கழுவித் தந்த கற்களையும் தடவிப் பார்த்தார். இந்த வருஷத்துக் கல் மட்டும் இல்லை, இந்தக் காலோடு ஆற்றுக்கு இறங்க முடியாது, முதல் தரமாகத் தவறுகிறது என்றார். முறையிடவில்லை, சும்மா சொன்னார்.

நான் கொண்டுவாறன் என்றேன்.

வேண்டாம் என்றார். அது எல்லை, உங்களுடைய நிலைமை எனக்குத் தெரியும் என்றார். நான் ஞாயிற்றுக்கிழமை போகிறேன், திங்கள் காலை இங்கே வாருங்கள் என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டேன்.

2.11, சனி. ஆத்துமாக்கள் திருநாள்.

பிரெஞ்சுக் கோவிலில் பூசை. மெழுகுதிரி காலமான என் தகப்பனுக்கு ஒன்று, யாக்கோப்பின் மனைவிக்கும் மகள்மாருக்கும் ஒன்று. அவர்களுக்கு மெழுகுதிரி பிடிக்குமோ தெரியாது. கல் மட்டும் போதுமென்றால் மன்னிக்கட்டும். பெயர்களைக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

ஜெ. அண்ணை காலை முழுக்கச் சண்டை. எல்லை ஆற்றங்கரையில் ஒரு கறுத்தவன் நின்றால் இப்போதுதான் நீந்தி வந்தவன் என்று நினைக்க மாட்டார்களோ, பிரான்சுக்குள் தள்ளிவிட்டால் பிறகு ஆரிடம் போய்க் கதைப்பாய், பெர்னில் உன் கோப்பு திறந்தபடி கிடக்கிறது.

"சனியனை விலைக்கு வாங்காதை, அன்ரன். கல்லுத்தானே? இங்கை ஏரிக்கரையிலை இல்லாத கல்லோ? ஒண்டை எடுத்துக் குடு, மனுசிக்குத் தெரியவோ போகுது?"

நான் ரயில் நேரம் பார்த்தேன். பிறகு அவரே என் சப்பாத்தை எடுத்துத் துடைத்து வைத்தார்.

3.11, ஞாயிறு

லா ஷோ-டு-ஃபோன் வரை ரயில். பிறகு மஞ்சள் போஸ்ட் பஸ், காட்டு வளைவுகளில் கீழே கீழே. பையில்: பாண், வாழைப்பழம், என் அகதிப் பத்திரம் (ஜெ. அண்ணை தானே வைத்துவிட்டார், மூன்று தரம் தொட்டுப் பார்த்தார்). கடைசித் தரிப்பில் இறங்கியது நான் மட்டும்.

ஆறு. நான் பெரிதாக எதிர்பார்த்தேன். இவ்வளவுதானா என்று முதலில் தோன்றியது. அமைதியான பச்சைத் தண்ணீர். ஒரு நல்ல நீச்சல்காரன் ஒரு பாட்டுப் பாடி முடிக்குமுன் அக்கரை. அந்தப் பக்கம் அதே மரம், அதே இலை, அதே புகார். பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று இதற்கு அந்தப் பக்கம் நின்றால் சாவு, இந்தப் பக்கம் நின்றால் வயோதிபம். ஒரு பெட்டை அக்கரையில் இருந்து தலைமயிரை அவிழ்த்தாள். பயம், பக்தி, எல்லாம் ஒன்றாக வந்தது. கோவிலில்கூட எனக்கு அப்படி வந்ததில்லை. அறியாமல் சப்பாத்தைக் கழற்றப் போனேன், பிறகு குளிருக்குப் பயந்து விட்டுவிட்டேன்.

கல் தேடினேன். கரையில் கிடந்தவை பிடிக்கவில்லை. தண்ணீருக்குள் ஒன்று தெரிந்தது, சாம்பல் நிறம், தட்டை, நடுவில் சிறு குழி. சப்பாத்தோடு இறங்கி எடுத்தேன். ஜெ. அண்ணைக்கென்று குண்டாக இன்னொன்று.

நிமிர, பாதையில் சுங்கக் காவலரின் வண்டி.

இளம் ஆள், என் வயதுதான் இருக்கும். பத்திரம் கேட்டார். கொடுத்தேன். என் காலைப் பார்த்தார். காற்சட்டை முழங்கால் வரை ஈரம். எந்தப் பக்கத்திலிருந்து வருகிறாய் என்றார். பீலிலிருந்து என்றேன். அதைக் கேட்கவில்லை என்று ஆற்றைக் காட்டினார். பஸ் டிக்கற்றைத் தேடினேன். பதற்றத்தில் எந்தப் பையில் வைத்தேன் என்று தெரியவில்லை. ஜெ. அண்ணையின் முகம்தான் கண்ணுக்குள் வந்தது.

பிறகு அவர் கேட்டார், பையில் என்ன?

கல், என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. திறந்து காட்டினேன். இரண்டு கல், பாதிப் பாண், வாழைப்பழம். அவர் சாம்பல் கல்லை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். எதற்கு என்றார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன்: பீலில் ஒரு யூதருடைய கல்லறைக்கு, அவருடைய மகளால் வர முடியாது.

அவர் வண்டிக்குப் போய் வானொலியில் என் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னார். திரும்பி வந்து பத்திரத்தையும் கல்லையும் தந்தார். அடுத்த பஸ் எப்போது என்று சொன்னார். அது வரும் வரை வண்டியை எடுக்காமல் அங்கேயே நின்றார். நான் குளிரில் நிற்கிறேன் என்று நின்றாரோ, நான் போகிறேனா என்று பார்க்க நின்றாரோ, கேட்கவில்லை. பஸ் ஏறியதும் டிக்கற் அகப்பட்டது, மேற்பைக்குள்.

வீட்டில் ஜெ. அண்ணை வாசலில் நின்றார். குண்டுக் கல்லைக் கொடுத்தேன். "உது கல்லறைக் கல் இல்லைத்தானே?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டுத்தான் கையில் வாங்கினார். தும்மல், தடிமன் தொடங்கிவிட்டது எனக்கு. கொத்தமல்லித் தண்ணீர் தந்தார்.

4.11, திங்கள்

வெயில். இலை. மூக்கால் வடிகிறது.

மதாம் காலையிலேயே வந்தார். சாம்பல் கல்லை நீட்டினேன். வாங்கவில்லை, நீங்களே வையுங்கோ என்றார். வைத்தேன், வரிக் கல்லுக்குப் பக்கத்தில். அதை அவர் இன்னும் கொஞ்சம் நெருக்கி வைத்தார். அங்கே பிடித்தார்களோ என்று கேட்டார். பிடித்தார்கள், பையில் என்ன என்று கேட்டார்கள், கல் என்று சொன்னேன் என்றேன். மதாம் என் கையைப் பிடித்துக்கொண்டார். கனநேரம் விடவில்லை.

நாளைக்கு ஆஸ்பத்திரி. பிள்ளைகள் இல்லை, கணவர் போய்விட்டார். தனக்குப் பிறகு யாக்கோப்புக்குக் கல் வைக்க ஆளில்லை என்பதை இன்றைக்குத்தான் வாயால் சொன்னார். அடுத்த வருஷம் நீங்கள் போவீர்களோ என்று கேட்டார். நான் இங்கே இருந்தால் போவேன் மதாம், பெர்னிலிருந்து முடிவு வரவில்லை, திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார்கள் என்றேன்.

கல்லறையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"பெர்னிலை ஆரும் கேட்டால், இவன் என்ரை மகன் எண்டு சொல்லுறன். எனக்கு அது பழக்கம்."

டாக்சி போன பிறகு யூதர் பகுதியில் புல்லும் இலையும் மட்டும் கூட்டினேன்.

வீட்டுக்கு வந்து ஜெ. அண்ணையிடம் சொன்னேன். உள்ளி உரித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "அப்ப மனுசி எனக்கு என்ன முறை?" என்று கேட்டார். நான் உங்களை அண்ணை என்று கூப்பிடுகிறேன், அப்போது அம்மா முறைதான் என்றேன். பிறகு எழும்பிக் கை கழுவிவிட்டு, ஆஸ்பத்திரிக்கு ரசம் கொண்டுபோக விடுவார்களோ என்று கேட்டார்.